தேன்துளியும் மலரடியும்
(செய்யுளில் உருவகப் பொருள் காணும் நெறி)

செய்யுளை ஓதுதல் வேறு. அதன் பொருளை உணர்தல் வேறு. சமண முனிவர்களும் புலவர்களும் தமிழுக்கு அளித்த காப்பியங்களும் நீதிநூல்களும் உவமைகளாலும் உருவகங்களாலும் நிறைந்தவை. அவற்றை நம் இல்லங்களில் ஓதுகின்றோம்; பிள்ளைகளை மனப்பாடம் செய்விக்கின்றோம்; விழா நாள்களில் ஒப்பிப்பவர்க்குப் பரிசும் அளிக்கின்றோம். ஆயினும், "இப்பாட்டில் யானை என்றது எதனை? தேன் என்றது எதனை? அவ்வாறு கொள்வதற்குச் சான்று யாது?" என்று ஒரு பிள்ளை வினவுமாயின், "பெரியவர்கள் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள்" என்பதே பெரும்பாலும் நாம் கூறும் விடையாக உள்ளது. இவ்விடை பிள்ளையின் வாயை அடைக்குமேயன்றி அறிவைத் திறவாது. ஆதலின், ஒரு செய்யுளில் மறைந்து நிற்கும் பொருளைப் படிப்பவர் எவ்வாறு காண்கின்றனர், அதில் எதுவரை செல்லலாம், எங்கே நிற்றல் வேண்டும் என்பவற்றை நமக்குப் பழக்கமான இரண்டு எடுத்துக்காட்டுகளால் ஈண்டு நோக்குவோம்.

உவமை, உருவகம், ஒட்டு

முதற்கண் மூன்று சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். மலர் போன்ற அடி என்பது உவமை. அடியாகிய மலர் என்பது உருவகம். முன்னதில் இரு பொருள்கள் அருகருகே நிற்கின்றன. பின்னதில் ஒன்று மற்றொன்றாகவே ஆகிவிடுகின்றது. சொல்லக் கருதிய பொருளை அறவே கூறாது, அதனையொத்த வேறொன்றை மட்டும் கூறிக் கருதியதை உணரவைப்பது மூன்றாவது வகை. இதனைத் தண்டியலங்காரம் ஒட்டு என்னும். பிறிதுமொழிதல் என்றும் வழங்குவர்.

படிப்பவருடைய பொறுப்பு இம்மூன்றிலும் ஒரே அளவினதன்று. உவமையில் பொருளும் புலவர் வாய்மொழியாகவே கிடைத்துவிடுகின்றது. எவ்வகையில் ஒப்புமை என்று மட்டும் நாம் காண வேண்டும். உருவகத்தில் சற்றுக் கூடுதலாக உழைக்க வேண்டும். ஒட்டணியிலோ பொருளையே நாம் தேடிக் காண வேண்டும். தேடும் பொறுப்பு மிகுந்தோறும் வழி தவறும் வாய்ப்பும் மிகும்.

ஒப்புமை காண்பதற்குத் தொல்காப்பியர் நான்கு வகைகளைக் கூறினார்: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்னுமிடத்து வினை ஒக்கின்றது. மழை போன்ற கை என்பதில் பயன் ஒக்கின்றது. துடி போன்ற இடை என்பதில் வடிவு ஒக்கின்றது. பொன் போன்ற மேனி என்பதில் நிறம் ஒக்கின்றது. புலி போலப் பாய்ந்தவனுக்கு வால் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. ஒப்புமை ஒரு பக்கத்தில்தான் உண்டு, எல்லாப் பக்கத்திலும் இல்லை என்பது நமக்கு இயல்பாகவே தெரியும். ஆனால் இத்தெளிவு சமயப் பாடல்களைப் படிக்கும்போது நம்மை விட்டு அகன்றுவிடுகின்றது.

கிணற்றில் தொங்கும் மனிதன்

மதுபிந்து என்னும் தேன்துளிக் கதையை அறியாத சமண இல்லம் அரிது. காட்டு வழியே சென்ற ஒருவனை மதயானை துரத்துகின்றது. அவன் ஓடி ஒரு பாழ்ங்கிணற்றுள் விழுந்து, இடையில் தொங்கும் வேரையோ கொடியையோ பற்றிக்கொள்கின்றான். கீழே பாம்புகள் வாய்பிளந்து நிற்கின்றன. பற்றிய பிடியை வெள்ளெலி ஒன்றும் கருப்பெலி ஒன்றும் கறிக்கின்றன. மேலே மரக்கிளையில் உள்ள தேனடையினின்று தேனீக்கள் எழுந்து கொட்டுகின்றன. அந்நிலையிலும் அடையிலிருந்து சொட்டும் ஒரு துளித் தேனை அவன் நாவால் நக்கி, தன் இடர் முழுவதையும் மறக்கின்றான்.

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய சூளாமணியில் தோலாமொழித்தேவர் இக்கருத்தை ஒரே செய்யுளில் அமைத்துள்ளார். நம் பிள்ளைகள் ஓதும் பாட்டும் அதுவே. கோடை விடுமுறைச் சமய வகுப்பொன்றில் இப்பாட்டை நான் நடத்தினேன். "எலிகள் எவற்றைக் குறிக்கும்?" என்று கேட்டதும், "இரவும் பகலும்" என்று பிள்ளைகள் அனைவரும் ஒரே குரலில் கூறினர். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி மட்டும் புத்தகத்தை மறுபடியும் பார்த்துவிட்டு எழுந்து, "டீச்சர், பாட்டிலே எலி இல்லையே!" என்றாள்.

அச்சிறுமி கூறியது முற்றிலும் சரி. சூளாமணிச் செய்யுளில் யானை உண்டு. பாம்பு வாழும் ஆழ்ந்த குழி உண்டு. தொங்கும் பிடிப்பு உண்டு. அழிந்து வீழும் தேன்துளி உண்டு. எலிகள் இல்லை, தேனீக்கள் இல்லை, பாம்புகள் நான்கு என்னும் எண்ணும் இல்லை. அவற்றையெல்லாம் நாம் வேறு நூல்களிலிருந்தும், பெரியோர் கூறக் கேட்ட கதைகளிலிருந்தும், ஓவியங்களிலிருந்தும் கொணர்ந்து இப்பாட்டினுள் வைத்துப் படிக்கின்றோம். அவ்வாறு செய்வது குற்றம் என்பது என் கருத்தன்று. எது பாட்டில் உள்ளது, எது நாம் கொணர்ந்தது என்னும் வேறுபாட்டை அறிந்து செய்தல் வேண்டும் என்பதே கருத்து. இதுவே பொருள் காணும் நெறியின் முதற்படி.

தேவர் ஏன் எலிகளை விட்டார்? நாற்பதடி, ஐம்பதடி எடுத்துக் கதை முழுவதையும் கூற அவர்க்கு இயலாதன்று. அவர் தம் பாட்டின் முடிவில், மானுடர் இன்பம் இத்தன்மையது என்று பொருளை வெளிப்படையாகவே கூறிவிடுகின்றார். அவர் காட்ட விரும்பியது அந்த நக்குதல் ஒன்றையே. மேலே யானை, கீழே பாம்பு, இடையில் ஒரு துளி; இவை மட்டுமே அதற்குப் போதும். தொல்காப்பியர் கூறிய நான்கனுள் இது வினையுவமம். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு பொருள் தேடும் பட்டியலாக இதனை மாற்றுவோமாயின், அந்த நாவின் செயல் நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஒரே யானை, வேறு வேறு பொருள்

இனி, இக்கதை வழங்கும் பிற நூல்களை ஒப்பிட்டு நோக்குவோம். கி.பி. 8 ஆம் நூற்றாண்டில் ஹரிபத்ரர் பிராகிருதத்தில் இயற்றிய சமராதித்திய கதையில் யானை என்பது மரணம், கிணறு என்பது மானிடப் பிறவி, நான்கு பாம்புகள் வெகுளி, செருக்கு, மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்கள், அடியில் கிடக்கும் மலைப்பாம்பு நரகம், எலிகள் வளர்பிறை, தேய்பிறைப் பக்கங்கள், தேனீக்கள் நோய்கள். அவன் ஏற முயன்றும் ஏற இயலாத ஆலமரம் வீடுபேறு.

மகாபாரதத்து ஸ்திரீ பர்வத்தில் விதுரர் திருதராட்டிரனுக்கு இதே கதையைக் கூறுகின்றார். அங்கே யானைக்கு ஆறு முகங்களும் பன்னிரண்டு கால்களும் உள்ளன. அது மரணம் அன்று, ஆண்டு. ஆறு பருவங்கள் முகங்கள். பன்னிரண்டு திங்கள்கள் கால்கள். கிணறு உடம்பு, அடியில் உள்ள பாம்பு காலம், பற்றிய கொடி உயிர்வாழும் ஆசை.

புத்தர் வரலாறு மேற்கு நாடுகளுக்குச் சென்று, பர்லாம், யோசபாத் என்னும் கிறித்துவக் கதையாக மாறியபோது இக்கதையும் உடன் சென்றது. அங்கே துரத்துவது ஒற்றைக் கொம்பு விலங்கு. நான்கு பாம்புகள் கஷாயங்கள் அல்ல. உடம்பை ஆக்கிய நான்கு பூதங்கள்.

இவ்வேறுபாடுகளால் நாம் அறிவது யாது? உருவகத்தின் பொருள் அந்த உருவத்தில் மட்டும் தங்கியிருப்பதன்று. பாம்பு என்ற சொல்லுக்குள் கஷாயமும் இல்லை, பூதமும் இல்லை. நூல் எழுந்த மரபும், நூலாசிரியர் தாமே தரும் விளக்கமும், படிப்பவர் பயின்ற கொள்கையும் கூடித்தான் பொருள் பிறக்கின்றது. சமணர் பாம்பில் கஷாயத்தைக் கண்டதற்குக் காரணம், பிறவிக்கு வித்து கஷாயமே என்று அவர் முன்பே தெளிந்திருந்தமைதான்.

தேன் இனியதா, தீயதா?

வேறொன்றும் கவனிக்கத்தக்கது. ஜென் பௌத்தக் கதைகளைத் தொகுத்து 1957 இல் ஆங்கிலத்தில் வெளியான ஒரு நூலில் இதையொத்த கதை உள்ளது. புலி துரத்த, ஒருவன் மலைச்சரிவில் கொடியைப் பற்றித் தொங்குகின்றான். கீழேயும் புலி. வெள்ளெலியும் கருப்பெலியும் கொடியைக் கறிக்கின்றன. அவன் அருகிலிருந்த ஒரு செந்நிறப் பழத்தைப் பறித்து உண்கின்றான். அது மிக இனித்தது என்பதோடு கதை முடிகின்றது. விளக்கம் எதுவும் இல்லை. இதனைப் படிப்பவர் பலர், 'நாளையை எண்ணி அஞ்சாது இக்கணத்தைச் சுவைத்து வாழ்க' என்று பொருள் கொள்கின்றனர். உருவம் ஏறக்குறைய ஒன்றே, பொருளோ நேர்மாறானது.

அவ்வாறாயின், சூளாமணிப் பாட்டுக்கும் 'இக்கணத்துத் தேனைச் சுவை' என்று ஒருவர் பொருள் கூறலாமா? கூறலாகாது. காரணங்கள் பாட்டிலேயே உள்ளன. புலவர் அத்துளியை அழியும் துளி என்கின்றார். அதனை மானுடர் இன்பத்துக்கு உவமையாக்கி, எண்ணிப் பார்த்துக்கொள் என்று அறிவுறுத்துகின்றார். பழக்கதை முடிவில் திறந்து கிடக்கும் கதவு, இங்கே புலவராலேயே சாத்தப்பட்டுள்ளது. பிறிதுமொழிதலில் படிப்பவர்க்குள்ள உரிமை, பொருளைக் கூறி முடித்த உவமையில் இல்லை. 'எனக்கு இப்படித் தோன்றுகின்றது' என்பது வாசிப்பின் தொடக்கமாகலாம். சொல்லால் சோதிக்கப்பட்ட பின்னரே அது பொருளாகும்.

மலர்மேல் நடந்தவன்

இரண்டாவது எடுத்துக்காட்டு திருக்குறளின் முதல் அதிகாரத்தில் உள்ளது. அங்கே இறைவன் மலரின்மேல் சென்றவன் என்று போற்றப்படுகின்றான். திருவள்ளுவரின் சமயம் யாது என்னும் வழக்கை ஈண்டு எடுக்கவில்லை. இச்சொற்களை உரையாசிரியர்கள் எவ்வாறு படித்தனர் என்பதே நமக்கு வேண்டுவது.

மணக்குடவர் மலரின்மேல் நடந்தவன் என்று சொற்படியே பொருள் கூறிச் செல்கின்றார். பரிமேலழகர் மலர் என்பதை உள்ளத்தாமரை என்கின்றார். அன்பால் நினைப்பவருடைய உள்ளமாகிய மலரில், அவர் நினைந்த வடிவோடு இறைவன் விரைந்து செல்கின்றான் என்பது அவர் உரை. இவ்வுரையில் ஓர் இடர் எழுகின்றது. எக்காலத்தும் நிகழ்வதை மூலம் இறந்தகாலத்தால் கூறுவது ஏன்? பரிமேலழகர் இதனைக் காணாது விடவில்லை. விரைவு பற்றி இறந்தகாலத்தால் கூறப்பட்டது என்று அமைதி காட்டுகின்றார். பூமேல் நடந்தவன் என்னும் பெயர் பற்றி இதனை வேறொரு கடவுளுக்கு ஏற்றிக் கூறுவாரும் உளர் என்றும் அவரே குறிப்பிடுகின்றார்.

சமண மரபில் வந்தவர்க்கு இவ்விடர் இல்லை. அருகபரமேட்டி எழுந்தருளும் வழியில் அவர் திருவடி பதியுமிடத்துத் தேவர்கள் பொற்றாமரைகளை அமைத்தனர் என்பது நாம் பக்தாமர ஸ்தோத்திரம் ஓதுங்காலத்தும் போற்றும் செய்தியே. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் அருகனைப் போற்றுமிடத்தும் மலர்மேல் நடந்தவன் என்னும் பெயர் வருகின்றது. ஆதலின் இறந்தகாலம் நடந்ததைக் கூறும் இறந்தகாலமாகவே நிற்கின்றது.

ஈண்டு நாம் கற்கும் பாடம் நுட்பமானது. ஒரு சொல் உருவகமா அன்றா என்பதையே படிப்பவர்தாம் முடிவு செய்கின்றனர். சொற்பொருள் தாம் அறிந்த உலகோடு பொருந்தாதபோது உருவகம் என்று கொள்கின்றனர். பொருந்தும்போது உள்ளவாறே கொள்கின்றனர். அருகன் மலர்மேல் நடந்த செய்தியை மரபாக அறிந்தவர்க்கு அது நிகழ்ச்சி. அறியாதவர்க்கு அது உருவகம். இவற்றுள் எது வலியது என்று காண இலக்கணமும் பிற நூல்களின் வழக்கும் துணை செய்கின்றன. நம் பொருளுக்கு இவ்விரண்டும் துணை நிற்பதை நாம் எடுத்துக் கூறலாம். அதே வேளையில், தம் பொருளில் உள்ள இடரை மறைக்காமல் எடுத்துரைத்து, மாற்றுக் கருத்தையும் பதிவு செய்த பரிமேலழகரின் நேர்மையையும் நாம் கற்க வேண்டும்.

மரபறிவு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு டாக்டர் உ.வே.சாமிநாதையர் வரலாறே சான்று. 1880 இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் அவர்களின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியைக் கையில் எடுத்தபோது, சொற்களை அறிந்த அப்பெரும்புலவர்க்கும் பல இடங்கள் விளங்கவில்லை. அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்று கேட்டறிந்தார். சிந்தாமணியை மரபாக ஓதிவந்த அவ்வில்லத்தார் ஐயங்களைத் தீர்த்தனர். 1887 இல் நூல் அச்சேறியது. இன்று அவரைப் போன்ற ஒருவர் நம் வாயிலுக்கு வந்து வினவுவாராயின், விடை கூற நம் இல்லத்தில் எவர் உளர் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் தகும்.

அநேகாந்தமும் பொருள்கோளும்

'பலரும் பலவாறு பொருள் கூறுகின்றனர். நம் அநேகாந்தக் கொள்கைப்படி எல்லாமே சரிதானே?' என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். அநேகாந்தம் அவ்வாறு கூறவில்லை. ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு. ஒவ்வொரு நயமும் அவற்றுள் ஒன்றைக் காண்கின்றது என்பதே அதன் கூற்று. யானையைத் தொட்ட குருடருள் காலைத் தொட்டவன் தூண் போன்றது என்றான். செவியைத் தொட்டவன் முறம் போன்றது என்றான். இருவரும் யானையைத் தொட்டே கூறினர். யானையைத் தொடாத ஒருவன் அது நீர் போன்றது என்பானாயின், அது மற்றொரு நயம் ஆகாது, வெறும் பிழையே. செய்யுளுக்கும் இதுவே முறை. சொல்லைத் தொட்டுக் கூறும் பொருள்கள் பலவாகலாம். சொல்லைத் தொடாத பொருள் பொருளன்று. தான் கண்டதே முழுமை, ஏனையவை பொய் என்று சாதிப்பதைத் துர்நயம் என்று ஆசாரியர் விலக்கினர். உரை காண்பார்க்கும் அவ்விலக்கு உரியது.

சுட்டுவிரல் யாரை நோக்குகின்றது?

பொருள்கோள் பற்றிய இவ்வாராய்ச்சி புலவர்க்கு மட்டும் உரியதென்று எவரும் எண்ணற்க. இளவயது மகனை இழந்த ஒரு தாயின் இல்லத்துக்குத் துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தேன். வந்திருந்த முதியவர் ஒருவர், ஆறுதல் கூறும் நோக்குடனேயே தேன்துளிக் கதையைச் சொல்லி, "இது தெரிந்தும் அழலாமா, அம்மா?" என்றார். அத்தாய் தலைநிமிர்ந்து, "என் பிள்ளையையா தேன்துளி என்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டார். முதியவர் பின்னர் எதுவும் பேசவில்லை.

அத்தாயின் வினா செய்யுட்பொருளை ஒட்டியதே. பழைய நூல்கள் தேன் என்றது புலன்களால் நுகரும் சிற்றின்பத்தை. பெற்ற மகனைத் தேன் என்று அவை கூறவில்லை. பற்று எதுவாயினும் பிறவிக்கு ஏதுவாகும் என்பது நம் அறம் கூறும் உண்மைதான். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வுண்மையைக் கூற ஆசாரியர் கையாண்ட உவமை வேறு. முதியவர் அவ்வுவமையை இழுத்துச் சென்ற இடம் வேறு.

மேலும் ஒன்று. சூளாமணிச் செய்யுள் நீ என்று முன்னிலை ஒருமையில் முடிகின்றது. கேட்பவன் தன்னைப் பற்றி எண்ணிக்கொள்ள வேண்டும் என்பதே அச்சொல்லின் ஆற்றல். கிணற்றில் தொங்குபவன் பக்கத்து வீட்டுக்காரன் அல்லன், படிக்கின்ற நானே. ஹேமசந்திரர் 12 ஆம் நூற்றாண்டில் எழுதிய பரிசிஷ்ட பர்வத்தில் ஜம்புஸ்வாமி இக்கதையைப் பிரபவன் என்னும் கள்வர் தலைவனுக்குக் கூறி, 'தேவனோ வித்தியாதரனோ வந்து அவனைக் கரையேற்ற முன்வந்தால் அவன் இசைவானா, இசையானா?' என்று கேட்கின்றார். கதையைக் கேட்டவனே விடை கூற வேண்டியவனாகின்றான். பன்னிரண்டு அநுப்பிரேட்சைகளும் தன்னைத்தானே நோக்கிச் செய்யும் சிந்தனைகளே. உவமையின் சுட்டுவிரலைப் பிறர்பால் திருப்புவோமாயின், அற உரை கடுஞ்சொல்லாக மாறிவிடும், கடுஞ்சொல்லும் இம்சையே.

இல்லத்தில் பயிலும் முறை

வாரம் ஒரு பாட்டு போதும். மாலை வேளையில் குடும்பத்தார் கூடியிருந்து பின்வரும் படிகளைப் பின்பற்றலாம்.

1. பாட்டை இருமுறை வாய்விட்டுப் படிக்கச் செய்க. உரையை உடனே திறவாதிருக்க.

2. பாட்டில் உள்ள பொருள்களை மட்டும் பிள்ளை ஒரு தாளில் எழுதட்டும். பாட்டில் இல்லாத ஒன்றைக் கூறினால், "அது எந்தச் சொல்லில் உள்ளது?" என்று அன்போடு கேட்க.

3. புலவர் தாமே பொருளைக் கூறியுள்ளாரா, நம்மைத் தேடச் சொல்கின்றாரா என்று காண்க.

4. ஒப்புமை வினையாலா, பயனாலா, மெய்யாலா, உருவாலா என்று கேட்க. எப்பக்கத்தில் ஒப்புமை இல்லை என்பதையும் கேட்க.

5. அதே உருவம் வேறு நூலில் எப்பொருளில் வருகின்றது என்று அறிந்தவர் கூறுக. உரைகள் மாறுபடின் இரண்டையும் படித்துக் காரணம் காண்க.

6. இறுதியாக, "இப்பாட்டு எனக்குச் சொல்வது யாது?" என்று ஒவ்வொருவரும் தமக்குள் எண்ணுக. இதற்கு வாய்விட்டு விடை கூற வேண்டுவதில்லை.

இப்படிகளுள் பெற்றோர்க்கு அரியது இரண்டாவது. பிள்ளை நாம் எதிர்பாராத வினாவைக் கேட்கும்போது முகம் சுளியாதிருத்தல் வேண்டும். பாட்டில் எலி இல்லை என்று கண்ட அச்சிறுமியை, அன்று வகுப்பின் முன்னே அழைத்து அப்பாட்டை மறுபடியும் படிக்கச் செய்தேன். ஏனைய பிள்ளைகள் முதன்முறையாகத் தத்தம் புத்தகத்தைக் குனிந்து நோக்கினர். மனப்பாடமாக ஒப்பித்து வந்த பாட்டை அவர்கள் படிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் காட்சியே முன்னின்றது. எழுத்தில் உள்ளதை உள்ளவாறு காணப் பழகிய கண், வாழ்விலும் உள்ளதை உள்ளவாறு காண முயலும். நம் இல்லந்தோறும் அப்பயிற்சி தொடங்குவதாக.

அறம் வளர்க.